வல்லின ற

முதல் பூச்சு முடிந்தபோது பகீரதனுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடிக்க அவனுக்குத் தெரியாது. கால் நூற்றாண்டாகத் தூரிகை பிடித்தவன், இத்தாலியின் இன்றைய ஓவியர்கள் என்று யார் எழுதினாலும் பெயர் விடுபடாதவன், அடுப்புக்கு மேலே ஒரு துண்டுச் சுவரை வெள்ளையாக்கப் போய், முழங்கை வரை வழியவிட்டு, நிலமெல்லாம் சொட்டி, கழுவுதொட்டியின் விளிம்பில் ஐந்து விரலும் பதித்து, அம்மாவின் கதிரையில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு கதிரைதான். மற்றதையெல்லாம் போன வாரம் ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கதிரையை மட்டும் ஏன் விட்டுப்போனார்கள் என்று தெரியவில்லை, ஒரு கால் ஆடுவதால் இருக்கலாம். கீழே பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் மீன்காரன் கத்திக்கொண்டிருந்தான். வெறும் வீட்டில் அந்தக் கத்தல் அறை அறையாகப் போய்த் திரும்பி வந்தது. அம்மா இருந்தபோது இந்த வீட்டுக்குள் சந்தைச் சத்தம் இவ்வளவு வந்ததில்லை, அல்லது அம்மாவின் சத்தம் அதை உள்ளே விடவில்லை. ‘தொடாதே’ என்றுதான் ஓர்னெல்லா சொல்லியிருந்தாள். மிலானில் கலைக்கூடம் நடத்துபவள், அவனுடைய முதல் கண்காட்சியிலிருந்து கூடவே இருப்பவள். ‘ஒரு விரல்கூடப் படக்கூடாது பாகி, நாளைக் காலை ஃபுளோரன்ஸிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள்.’ அந்த இரண்டு பேரும் பழைய தேவாலயங்களில் சுவரோவியங்களைத் தோல் உரிப்பதுபோல உரித்தெடுப்பவர்கள். பசை தடவிய துணியைச் சுவரில் ஒட்டிக் காயவைத்து இழுத்தால் மேல்தோல் மட்டும் துணியோடு வந்துவிடுமாம். அப்படி அடுப்புக்கு மேலே இருக்கிற கறையை உரித்து, கித்தானில் ஏற்றி, வசந்தத்தில் நடக்கப்போகிற பெரிய கண்காட்சியில் கடைசிச் சுவரில் தொங்கவிடுவார்கள். எல்லாம் இங்கிருந்துதான் தொடங்கியது என்று பக்கத்தில் எழுதியிருக்கும். வீட்டுக்காரி சம்மதித்துவிட்டாள். அருங்காட்சியகம் சம்மதித்துவிட்டது. பகீரதன் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் இறங்கிப் போய் ஒரு டின் வெள்ளை வாங்கி வந்தான், அவ்வளவுதான்.

டின் விற்ற நுன்சியோ ஒரு வார்த்தை சொன்னான். சந்துமுனையில் ஆணி, பூட்டு, பெயின்ட் எல்லாம் விற்கிற கிழவன். மூன்றாம் மாடியின் குசினிச் சுவருக்கு என்று சொன்னதும், ‘அம்மா வாங்குகிறதுதானே?’ என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டி அந்த டின்னை எடுத்தான். பகீரதனும் தலையாட்டிவிட்டான். இப்போது அந்தக் கேள்வி காலில் குத்திய மீன்முள் மாதிரி நடந்தபோது தெரியாமல் உட்கார்ந்த பிறகு வலித்தது. எந்த அம்மா? நுன்சியோவுக்கு எல்லாத் தமிழ்ப் பெண்களும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு மலையேறி சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் எல்லாரும் அவனுக்கு ஒரே முகம். யாரோ ஒரு புவனேஸ்வரி பெயின்ட் வாங்கியிருப்பாள். அம்மா பெயின்ட் வாங்குகிறவள் இல்லை. வாங்கித் தா என்று மகனைக் கேட்கிறவள். கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டவள். எப்போது நிறுத்தினாள்? அதை அவன் கவனித்ததாக ஞாபகம் இல்லை. ஒரு சத்தம் நின்றுபோனால் நின்ற அந்த நிமிடம் யாருக்குத் தெரிகிறது.

கறை உண்டானது மிளகாயால். ஊரிலிருந்து வந்த புதிதில் கறித்தூள் கிடைக்காது, அம்மா செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வந்து இந்த அடுப்பில் வறுப்பாள். புகைபோக்கி கிடையாது. இருக்கிற ஒரு யன்னலும் கட்டடத்தின் நடுவிலுள்ள இருட்டுக் குழிக்குள் திறப்பது. மிளகாய் வறுக்கிற நாளில் ஐந்து மாடியும் இருமும். மேல்வீட்டுக்காரி படிக்கட்டில் நின்று எங்களைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கூப்பாடு போடுவாள். அம்மா கிளறுவதை நிறுத்தமாட்டாள். ‘இருமட்டும். நெஞ்சுச் சளி போகும்’ என்பாள். எண்ணெய் ஆவியும் மிளகாய்க் காரமும் சுவரின் பழைய ஈரத்தில் போய் ஒட்டி, முதலில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, பிறகு ஒரு தாச்சி அளவு, பிறகு யாராலும் கழுவ முடியாத அளவு வளர்ந்தது. நடுவில் கரும்பழுப்பு, விளிம்பில் மஞ்சள், ஒரு பக்கம் வழிந்து கூர்மையாக முடிகிறது. பிற்காலத்தில் அதைப் பார்த்தவர்கள் தீவு என்றார்கள், கவிழ்ந்த படகு என்றார்கள், ஒரு பேராசிரியர் பத்துப் பக்கம் செலவழித்து அது இலங்கையின் வரைபடம் தலைகீழாக என்றார். அம்மாவுக்கு அது ஊத்தை. தான் கழுவித் துடைக்கப் போகிற பணக்கார வீடுகளில் ஒரு துளி அழுக்கு இல்லாமல் வைத்துவிட்டு, தன் குசினியில் இதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன வேண்டியிருந்தது. குசினி என்ற சொல்லில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ‘இவங்கள் குச்சீனா எண்டுறாங்கள். எங்கட சொல்லைக் களவெடுத்துப்போட்டுப் பிழையாச் சொல்லுறாங்கள்.’ அது போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் என்று அவன் படித்துவிட்டு வந்து சொன்னபோது அம்மா அசரவில்லை. ‘அப்ப அவங்களும் எங்களிட்டைத்தான் களவெடுத்திருப்பாங்கள்.’

அதை ஏன் வரையத் தொடங்கினான் என்று கேட்காத நிருபர் இல்லை. உண்மையான பதில் ஒரு வரிதான், அதனாலேயே யாரிடமும் சொன்னதில்லை. ஓவியக் கல்லூரியின் முதல் வருடத்தில், உங்கள் வீட்டு யன்னலில் தெரிவதை வரைந்து வாருங்கள் என்றார்கள். கூடப் படித்தவர்களுக்குக் கடல் தெரிந்தது, எலுமிச்சைத் தோட்டம் தெரிந்தது, ஒருத்திக்கு முழுத் தேவாலயமே தெரிந்தது. அவனுடைய யன்னலில் இருட்டுக் குழியும் மேல்வீட்டுக்காரியின் உள்பாவாடையும் தெரிந்தன. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரை வரைந்தான். அப்படித் திரும்பியவன் பிறகு திரும்பவேயில்லை என்று இப்போது தோன்றியது. அப்பா அந்த வருடம்தான் செத்தார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. ஆறு சின்னக் கித்தான்கள், எல்லாவற்றிலும் அதே கறை, காலை வெளிச்சம், மத்தியான வெளிச்சம், மஞ்சள் பல்பின் வெளிச்சம். எங்கோ ஒரு மாணவர் கண்காட்சியில் ஓர்னெல்லா அவற்றைப் பார்த்தாள். மிலானுக்குக் கூப்பிட்டாள். ‘தலைப்பை உன் எழுத்திலேயே எழுதிக் கொடு, சுவரில் பெரிதாகப் போடுகிறேன்’ என்றாள். அவன் எழுதிக் கொடுத்தான். தமிழில் கடைசியாக எழுதி அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து. பேனா ஓர் இடத்தில் தயங்கியது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இரண்டு ர உண்டு, இதற்கு எது என்று ஒரு கணம் தயங்கியது. பிறகு சுலபமானதை எழுதிவிட்டது. கரை. ஓர்னெல்லா அதை ரோமில் யாரோ கீழைமொழி படித்தவரிடம் காட்டி மொழிபெயர்த்து வாங்கி, பக்கத்தில் இத்தாலியனிலும் போட்டாள். ரீவா. கடற்கரை, ஆற்றங்கரை, ஏதோ ஒரு கரை.

அம்மா அந்தக் கண்காட்சிக்கு வந்தாள். பலெர்மோவிலிருந்து மிலான் வரை ஓர் இரவும் பாதிப் பகலும் ரயிலில், மடியில் ஒரு பை, பைக்குள் புட்டு. கலைக்கூடத்து வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்த அந்த ஒரு சொல்லின் முன்னால் போய் நின்றாள். படங்களைப் பார்க்கவில்லை. படங்களில் இருந்ததை அவள் தினமும் பார்க்கிறாளே.

‘ஆர் எழுதினது?’

‘நான்தான் அம்மா.’

‘என்ன கிடக்கு அதில?’

‘கறை.’

‘இல்லை. கரை எண்டு கிடக்கு.’

‘அதைத்தானே சொன்னன்.’

‘நீ சொல்லுறதும் வடிவாய் இல்லை, எழுதினதும் பிழை. நாக்கை மேலை முட்டி அடிச்சுச் சொல்லு. கறை. வல்லின ற வரவேணும். உனக்கு நாலாம் வகுப்பில ஆர் படிப்பிச்சது?’

‘நாலாம் வகுப்பிலதானே ஆமி அடிச்ச செல் விழுந்து பள்ளிக்கூடம் பூட்டினது.’

அம்மா அந்த எழுத்தையே பார்த்தாள். மாற்றச் சொல்லட்டுமா என்று அவன் கேட்டான். மாற்றுவது பெரிய வேலையில்லை, ஒட்டிய எழுத்துத்தான். ‘வேண்டாம் மோனை. விடு. கடற்கரை எண்டு நினைச்சால் நினைக்கட்டும். இந்த நாகேஸ்வரியின்ர குசினி ஊத்தை எண்டு ஆருக்கும் தெரியாமல் போகும்’ என்றாள். அப்போது ஓர்னெல்லா வந்து, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். ‘ஊர்க் கடல் ஞாபகம் வருகிறதாம்’ என்றான் பகீரதன். அது எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது? ஓர்னெல்லாவின் கண் கலங்கிவிட்டது, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ‘இவ ஏன் அழுகிறா?’ ‘உங்களைப் பிடிச்சிருக்காம்.’ ‘அதுக்கு ஏன் அழுவான்? புட்டு இருக்கு, சாப்பிடுறாவோ எண்டு கேள்.’

அதற்குப் பிறகு அவன் கரைகளின் ஓவியன். பத்திரிகைக்குப் பத்திரிகை அதுதான். திரும்பிப் போக முடியாத கரை, கண்ணுக்கு எட்டிக் காலுக்கு எட்டாத கரை. அவன் படகில் வந்தவன் என்று எழுதினார்கள். அவன் விமானத்தில் வந்தான், ரோமில் இறங்கி, அப்பா அனுப்பிய ஆளோடு ரயிலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு. முதல் ஒன்றிரண்டு தடவை திருத்தினான். திருத்தினால் எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்த்தான். பிறகு திருத்தவில்லை. பிறகு, இதுதான் அவனை இப்போது கதிரையில் நெளியவைத்தது, அவனே கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஒரு தொலைக்காட்சியில் அலைகளைப் பற்றிப் பேசினான். ஊரில் அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை தோட்டம், எத்தனை பனங்காணி, கடல் பார்க்க வேண்டுமென்றால் யாராவது சைக்கிளில் ஏற்றிப் போக வேண்டும். பேசப் பேச அது உண்மையாகிக்கொண்டே வந்தது. சில இரவுகளில் கடல் கனவில்கூட வந்தது. வேறு யாரோ பார்த்த கடல். லண்டன் சின்னம்மா மட்டும் இதில் மாட்டவில்லை. அம்மா அவளிடம் போனில் ‘தம்பி பெயின்டிங் செய்யிறான், நல்லாச் செய்யிறான், பேப்பரில எல்லாம் வந்தது’ என்று சொல்ல, சின்னம்மா கேட்டாள்: ‘உள்ளுக்கோ, வெளியாலயோ?’ வெளிச்சுவரென்றால் சாரம் கட்ட வேண்டும், ஆபத்து என்பது அவள் கவலை. அம்மா அந்தக் கதையைச் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொல்வாள்: ‘பெயின்டர் எண்டு பேர். உன்ர படம் வித்த காசில தாயின்ர சுவருக்கு ஒரு வாளி பெயின்ட் வாங்க ஏலாதோ?’

ஏலாது. அதுதான் பதிலாக இருந்தது, வருடாவருடம். அவன் டுரினுக்குப் போய்விட்டான், பெரிய வேலைக்கூடம், வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரை. சில்வியா என்ற ஒருத்தி அங்கே அவனோடு சில காலம் இருந்தாள், பிறகு இல்லை, அவள் போனதையும் அவன் அடுத்த கித்தான் முடிந்த பிறகுதான் சரியாகக் கவனித்தான். டிசம்பரில் நத்தாருக்கும் ஆகஸ்டுக்கும் மட்டும் இங்கே வருவான். வந்தால் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பான். அம்மா அதன்மேல் முருகன் படம் போட்ட ஒரு கலண்டரைத் தொங்கவிட்டிருப்பாள். அவன் கழற்றிக் கீழே வைப்பான். காலையில் எழுந்து வந்தால் முருகன் மறுபடியும் ஆணியில் நிற்பார். ‘உதைப் பாக்கப் பாக்க எனக்குச் சோறு இறங்குதில்லை.’ ‘அது எனக்கு வேணும் அம்மா.’ ‘ஊத்தை என்னத்துக்கு?’ ‘கீறுறதுக்கு.’ ‘கீறுறதெண்டால் ஒரு பூவைக் கீறன். ஒரு பிள்ளையாரைக் கீறன். ஊரில ஆரும் ஊத்தையைக் கீறுவினமே?’ இதெல்லாம் தொடக்கத்தில். பிறகு அவள் கேட்பதில்லை. வயது போய்விட்டது, களைத்துவிட்டாள், பழகிவிட்டாள் என்று அவன் நினைத்திருந்தான். நினைக்கக்கூட இல்லை. பங்குனியில் டுரின் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவள் சுவரைப் பற்றிப் பேசவில்லை. ஊரைப் பற்றியும் பேசவில்லை. அவனைப் பார்த்து, ‘உன்ர சேட்டு ஊத்தையாய்க் கிடக்கு’ என்றாள். அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பான்? ‘பெயின்ட் அம்மா’ என்றான். செத்தவீடு முடிந்து சில நாட்களில் ஓர்னெல்லா போன் பண்ணினாள். அழுகை வரவேண்டிய இடத்தில் அவனுக்குப் பேச்சு வந்தது. கரையும் இல்லை கடலும் இல்லை, எல்லாம் அம்மாவின் அடுப்புக்கு மேலே இருக்கிற அழுக்கு என்று சொல்லிவிட்டான். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தான். ‘அது இன்னும் இருக்கிறதா?’ என்று ஓர்னெல்லா மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

சுவரை நிமிர்ந்து பார்த்தான். மஞ்சள் வந்துகொண்டிருந்தது. வெள்ளை காயக் காய, நடுவில் முதலில் ஒரு நிழல், பிறகு விளிம்பு, அந்தக் கூர்மையான வால். நனைந்த துணிக்குள்ளிருந்து உடம்பு தெரிவதுபோல. எழுந்து கிட்டே போனான். இந்தப் படத்தை அவன் பார்த்திருக்கிறான். வரைந்திருக்கிறான். கறையின் மேல் பால் படிந்த மாதிரி ஒரு வெண்மை, அதற்கு அடியில் மஞ்சள் மூச்சு விடுகிறது. இதே. அவனுடைய மூடுபனிக் காலம் என்று புத்தகங்களில் இருக்கிற அந்த வருடங்கள். ஒரு நத்தாருக்கு வந்தபோது சுவர் வெளிறியிருந்தது. குளிர்கால வெளிச்சம் என்று நினைத்தான். கண் மாறிவிட்டது, வயது கூடுகிறது, வடக்கின் பனிமூட்டம் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தான். அந்த வெண்மையைப் பிடிக்க மாதக்கணக்கில் பாடுபட்டான், வெள்ளைக்கு மேல் வெள்ளை, கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சுகள். அதற்குத்தான் பரிசு கிடைத்தது. தன் சொந்தக் கரையையே மறக்கத் தொடங்கிய மனிதனின் ஒளி என்று எழுதினார்கள், அவனும் அதைப் படித்துவிட்டு அப்படித்தான் போலிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டான். இப்போது அதே ஒளி ஒரு மலிவான டின்னிலிருந்து எடுத்து அவனே பூசியதில் தெரிகிறது. அம்மா வாங்குகிறதுதானே. இல்லை, இருக்காது. ஈரம், சுண்ணாம்பு, ஏதாவது இரசாயனம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எதில் ஏறி நின்றிருப்பாள்? கதிரையைத் திரும்பிப் பார்த்தான். ஆடுகிற காலின் பக்கத்துச் சட்டத்தில், பழைய, நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைச் சொட்டுகள் இருந்தன. இன்று விழுந்தவை ஈரமாகப் பளபளத்தன. இவை பளபளக்கவில்லை.

படியிறங்கும்போது கைகள் இன்னும் வெள்ளையாகவே இருந்தன. சந்தை கலையத் தொடங்கியிருந்தது, தக்காளிப் பெட்டிகளைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நுன்சியோ இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்று சிகரெட் பிடித்தான். பகீரதனின் கைகளைப் பார்த்ததும் சிரித்தான்.

‘மஞ்சள் மேலே வந்துவிட்டதா?’

‘எப்படித் தெரியும்?’

‘அந்த அம்மாவுக்கும் ஒவ்வொரு தடவையும் அதுதானே. எண்ணெய்க் கறை, சாதா வெள்ளை அதை அமுக்கி வைக்காது. இரண்டு தடவை அடித்தால் சில மாதம் தாங்கும். அப்புறம் எட்டிப் பார்க்கும்.’

‘எந்த அம்மா?’

‘மூன்றாம் மாடி அம்மா. மிளகாய் வறுத்து இந்தத் தெருவையே அழவைக்கிறவர். பெயர் எனக்கு வாயில் வராது, நாகா என்றுதான் கூப்பிடுவேன். மகனிடம் வடக்கே போனாராமே, எப்போது வருகிறார்? சொல்லாமல்கொள்ளாமல் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பியிருக்கிறார். நீங்கள் பித்தோரே தானே?’

பித்தோரே. இந்த ஊர்ச் சந்துகளில் அதற்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் என்றுதான் முதல் பொருள், ஓவியன் என்பது பிறகுதான். ‘ஆமாம்’ என்றான் பகீரதன்.

‘பித்தோரே என்றால் இது தெரிந்திருக்க வேண்டாமா!’ நுன்சியோ குனிந்து உள்ளே போய், வேறொரு டின்னை எடுத்துவந்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினான். ‘இது கறைக்கென்றே இருக்கிறது. ஒரு தடவை அடித்தால் போதும், செத்தது. திரும்பவே வராது. நாகாவிடமும் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். திரும்பவே வராதா என்று கேட்டார். வராது என்றேன். வைத்துவிட்டார்.’

‘ஏன்?’

‘மகன் ஒருவன் இருக்கிறானாம், அந்தக் கறையைப் பார்த்து ஏதோ வரைகிறானாம். எனக்கென்ன தெரியும், சுவரில் கிறுக்குகிற பையனோ என்னவோ. இவர் நல்ல வெள்ளையாக அடித்துவிட்டு, அக்கம்பக்கத்தார், கோயில் ஆட்கள் எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். மகன் வருகிற நேரத்துக்கு மஞ்சள் கொஞ்சம் வெளியே வந்திருக்க வேண்டும், அதற்குக் கணக்குப் பார்த்துத்தான் அடிப்பார். இதை ஏனம்மா எடுக்கமாட்டீர்கள் என்று கேட்டதற்கு, “மகன் வேணும்” என்றார். அவருடைய இத்தாலியன் அப்படித்தானே.’ சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்து, மற்றக் கையில் சாதா வெள்ளை டின் ஒன்றையும் எடுத்துக்கொண்டான். ‘எதைத் தரட்டும்? கடை பூட்ட வேண்டும்.’

சந்தில் யாரோ தண்ணீரைச் சளாரென்று ஊற்றினார்கள். இரண்டு டின்களும் நுன்சியோவின் இரண்டு கைகளில் இருந்தன. அம்மா செத்துவிட்டாள் என்று இவனிடம் சொல்ல வேண்டும் என்று பகீரதன் நினைத்தான். சொன்னால் இந்த ஒரு சந்தில் மட்டும் அவள் வடக்கே மகனிடம் இருந்துகொண்டிருப்பதும் இல்லாமல் போய்விடும்.

‘அம்மா வாங்குகிறதையே தாருங்கள்’ என்றான்.

இரண்டாவது பூச்சு முதலாவதைவிட நன்றாக வந்தது. கதிரையில் ஏறி நின்றான். ஆடுகிற காலைச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டால் ஆடாது என்று தானாகவே பிடிபட்டது, அதற்கும் முன்பே யாரோ அப்படிப் போட்டுத் தேய்ந்த தடம் நிலத்தில் இருந்தது. தூரிகையை மேலிருந்து கீழே இழுத்தான். அவசரப்படவில்லை. நாளைக் காலை அந்த இரண்டு பேரும் பசையோடும் துணியோடும் வந்து ஒரு வெள்ளைச் சுவரைப் பார்ப்பார்கள். நத்தார் வரும். மஞ்சள் மெல்ல எட்டிப் பார்க்கும். அப்போது இந்தக் குசினியில் வேறு யாரோ நின்று பாஸ்தா அவித்துக்கொண்டிருப்பார்கள், இது என்ன இழவு என்று திட்டிக்கொண்டு நுன்சியோவிடம் போய் அந்த மற்ற டின்னை வாங்கி வருவார்கள். அத்தோடு அது முடியும். டுரினில் கண்ணாடிக் கூரையின் கீழே ஒரு வெறுங்கித்தான் சட்டத்தில் ஏறி அவனுக்காகக் காத்திருக்கிறது, அம்மா செத்ததிலிருந்து அப்படியே. அதில் என்ன வரும் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றி யோசனை இரண்டு மூன்று தடவை வந்தது, ஈ மாதிரி, பிறகு அதுவும் போய்விட்டது. சுவர் வெள்ளையாக இருந்தது. ஆணி மட்டும் இருந்தது. கலண்டர் வண்டியோடு போயிருக்க வேண்டும்.

போன் அடித்தது. வெள்ளைக் கையால் எடுத்தான்.

‘தொடவில்லையே?’ என்றாள் ஓர்னெல்லா.

‘வெள்ளையடித்துவிட்டேன்.’

அவள் கத்தினாள். அழுவதுபோலவும் இருந்தது. எவ்வளவு பேரிடம் பேசியிருக்கிறேன் தெரியுமா என்றாள், உனக்கு ஏதோ ஆகிவிட்டது பாகி, தனியாக இருக்காதே என்றாள். அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அவள் மூச்சு வாங்கியபோது சொன்னான்: ‘தலைப்பில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. முதல் கண்காட்சியிலிருந்தே. நான்தான் பிழையாக எழுதினேன். வசந்தத்துக்கு முன்னால் திருத்த வேண்டும்.’

‘என்ன பிழை?’

‘கரை இல்லை. கறை.’

மிலானில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ‘திரும்பச் சொல்லு’ என்றாள்.

‘கரை இல்லை. கறை.’

‘பாகி,’ என்றாள், இப்போது குழந்தையிடம் பேசுகிற குரலில், ‘நீ ஒரே சொல்லைத்தான் இரண்டு தடவை சொல்கிறாய்.’

நாக்கை மேலே முட்டி, அடித்து, இன்னொரு முறை சொன்னான். ‘அதேதான்’ என்றாள் அவள். பிறகு பேசலாம் என்று போனை வைத்தான். கீழே மீன்காரனும் போய்விட்டிருந்தான். ஈரச் சுவருக்கு முன்னால், கதிரையின்மேல் நின்றபடியே, அந்தச் சொல்லைத் தனக்குத்தானே ஒருமுறை சத்தமாகச் சொன்னான். சரியாகத்தான் சொன்னதாகப் பட்டது. சரியா பிழையா என்று சொல்ல ஆளில்லை.